கொடுக்கும் முன் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வீட்டை அடைத்துக்கொண்டிருக்கும் சாமான்களைக் கழிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியலில் இசைத்தட்டுகளும் இருந்தன. நானும் போன மாதம் அதைத்தான் செய்யவிருந்தேன். இருபது வயதுகளில் வாங்கிய 140 தட்டுகளை மூன்று அட்டைப்பெட்டிகளில் கட்டியாயிற்று. சரி, போவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் பெட்டியிலேயே யங் மார்பிள் ஜயன்ட்ஸ் குழுவின் 'கொலோசல் யூத்' தொகுப்பு அகப்பட்டது. வேல்ஸின் கார்டிஃப் நகரத்து மூன்று பேர்; 1980-இல் ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, ஒரு தாள இயந்திரம் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். அலிசன் ஸ்டாட்டன் பாடுவது, பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே ஒருவர் தனக்குள் முணுமுணுப்பது போலிருக்கும். வாங்கிய புதிதில், "என்ன இது, பாதி வேலையில் விட்டுவிட்டார்களா?" என்று இரண்டு தடவையோடு ஒதுக்கிவிட்டேன். இப்போது கேட்டால், சுரங்களுக்கு நடுவே விட்டிருக்கும் அந்த வெற்றிடத்தில்தான் பாட்டே இருக்கிறது. ஒரு பக்கம் முடிந்து ஊசி உள்வட்டத்தில் சரக் சரக்கென்று உரசிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் எடுக்க மனம் வரவில்லை. அவர்கள் வெளியிட்ட ஒரே ஸ்டுடியோ தொகுப்பு அது. நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த தொகுப்புகளில் ஒன்றாக இதை எழுதி வைத்திருந்தார்.

அப்புறம் கேலக்ஸி 500 என்ற அமெரிக்க ராக் குழு. அவர்களுடைய தட்டுகளை வெளியிட்ட நிறுவனம் 1991-இல் திவாலானது. பாட்டுகளை முதலில் பதிவு செய்த மூலநாடாக்கள் ஏலத்துக்கு வந்தன. டிரம்ஸ் வாசித்த டேமன் க்ருகோவ்ஸ்கி, தாங்களே வாசித்ததைக் காசு கொடுத்து ஏலத்தில் எடுத்தார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பிரிட்டிஷ் பாடகி வாஷ்டி பன்யனின் கதையும் உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். 1970-இல் அவருடைய முதல் தொகுப்பு விலைபோகவில்லை. அவர் இசையையே விட்டுப் போய்விட்டார். அந்தத் தட்டைச் சேகரிப்பாளர்கள் சிலர் விடாமல் தேடி வாங்கினார்கள். 2000-இல் மறுபதிப்பு வந்தது. 2005-இல், 35 வருடங்கள் கழித்து, அடுத்த தொகுப்பு. வைத்திருந்தவர்கள் எல்லோரும் கழித்துக் கட்டியிருந்தால் தேடியவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

அடுத்த முறை அப்படியொரு பட்டியல் போடும்போது, கொடுக்கும் முன் போட்டுக் கேளுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உறையைப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். முடிந்தால் இசைப் பக்கத்திலும் வாரம் ஒரு மறந்துபோன தொகுப்புக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். என் வீட்டில் இன்னும் ஒரு பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி