501ஆவது யூனிட்டுக்கு 243 ரூபாய்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வீட்டு மின்கட்டணப் பட்டியலில் 500 யூனிட் என்று ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

2024 ஜூலையில் வந்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம், 400 வரை 4.70, கடைசி நூறுக்கு 6.30. மொத்தம் 1,805 ரூபாய். அதே வீட்டில் இன்னும் ஒரு யூனிட் ஓடினால் பில் 2,048 ரூபாய்! 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் 4.70 போட்டுவிடுவதால்தான் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வருகிறது. அந்த ஒரு யூனிட் ஒன்றரை டன் ஏ.சி. சுமார் ஒரு மணி நேரம் ஓடத்தான் போதும்.

நிறையப் பயன்படுத்துகிறவர் கூடுதலாகக் கட்டட்டும், அது நியாயம்தான். ஆனால் கோட்டைத் தாண்டவைப்பது எப்போதும் பயன்பாடு மட்டும் இல்லை. நாளுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். கணக்கெடுக்க வருபவர் மூன்று நாள் தாமதமாக வந்தால் 504 யூனிட், 2,074 ரூபாய். அந்த 24 யூனிட்டுக்கு 6.30 வீதம் போட்டாலும் 151 ரூபாய்தான் கூடியிருக்க வேண்டும். 395 ரூபாய் கூடுகிறது. வீட்டுக்காரர் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை. மே மாதத்தில், பள்ளிக் கட்டணமும் சேர்ந்து நிற்கும் நேரத்தில், இந்தப் பணம் சின்னப் பணம் இல்லை.

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று சொல்லும்போதும் இந்தக் கோடு குறுக்கே வருகிறது. பழைய மின்விசிறி 75 வாட். தினம் 14 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 63 யூனிட். குறைந்த மின்சாரத்தில் சுற்றும் 28 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 24 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். 520 யூனிட் ஓடும் வீட்டில் இந்த மிச்சத்துக்கு 529 ரூபாய் குறையும், ஒரு வருஷத்துக்குள் விசிறி வாங்கிய காசு வந்துவிடும். 190 யூனிட் ஓடும் வீட்டில் 94 ரூபாய்தான் குறையும். விசிறி அதே விசிறி. விலையைப் பார்த்துத் தயங்குகிற வீட்டுக்குத்தான் அது கைகூடாமல் போகிறது. அந்த வீடுகளுக்கு விசிறியைத் தவணையில் கொடுத்து, பில்லோடு பிடித்துக்கொள்ள ஒரு வழி செய்தால் மாலை நேர மின்தேவையும் குறையும்.

அப்புறம் வாடகை வீடுகள். ஒரே இணைப்பில் இரண்டு மூன்று குடித்தனம் இருந்தால் எல்லாருடைய யூனிட்டும் ஒரே கணக்கில் சேர்ந்து கோட்டைத் தாண்டிவிடும். குடித்தனத்துக்கு ஒரு சப்மீட்டர் (உள்மீட்டர்) வைத்து வீட்டு உரிமையாளரிடம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கட்டுகிறவர்களுக்கு 100 யூனிட் இலவசமும் கிடைப்பதில்லை.

ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு மாதாமாதம் கணக்கெடுப்பு வரும் என்கிறார்கள். வரட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத இரண்டு திருத்தங்களைக் கேட்கிறேன். 500ஐத் தாண்டினாலும் முதல் 500 யூனிட்டுக்கு அதே பழைய விகிதமே இருக்கட்டும், தாண்டியதற்கு மட்டும் கூடுதல் விலை போடுங்கள். ரீடிங் 60 நாளைத் தாண்டினால் ஸ்லாப்பின் (விலை மாறும் யூனிட் படிகளின்) எல்லைகளையும் நாள் கணக்குப்படி நீட்டுங்கள். 63 நாளுக்கு 500 என்பது 525 ஆகட்டும். அடுத்த கட்டண ஆணைக்கு முன் நடக்கும் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இந்த இரண்டையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வீட்டு மின் நுகர்வோர்