பொங்கல் டெஸ்டைக் கேட்ட காதுகளிலிருந்து: பிரசார் பாரதிக்கு ஒரு திறந்த மடல்

பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கும் ஆகாசவாணி இயக்குநரகத்தாருக்கும் வணக்கம்.

பழைய மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலி ஒலிபரப்பிகளை நாடெங்கும் ஒவ்வொன்றாக நிறுத்தி வருகிறீர்கள். மின்கட்டணம், உதிரிபாகங்கள், கேட்போர் எண்ணிக்கை என்று நீங்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் உண்டு. ஆனால் தமிழில் நேர்முக வர்ணனை என்னும் கலைக்கு அந்த அலைவரிசைகளை விட்டால் வேறு வீடில்லை என்பதால், நிறுத்தும் முன் அவற்றில் ஒன்றையாவது தமிழ் விளையாட்டுக்கென ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1988 ஜனவரி 11 முதல் 15 வரை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த டெஸ்ட் ஆட்டத்தை, எங்கள் வீட்டுத் திண்ணையில் கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டவன் நான். தாம் ஆடிய முதல் டெஸ்டிலேயே சுழற்பந்து வீச்சாளர் நரேந்திர ஹிர்வானி 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்திய ஆட்டம் அது. விக்கெட் காப்பாளர் கிரண் மோரே மொத்தம் ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார். ஸ்டம்பிங்கைக் கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நொடியில் முடிந்துவிடும். வானொலியில் அப்படியல்ல: மட்டையாளர் கோட்டைத் தாண்டி இறங்குகிறார், பந்து சுழன்று மட்டையைக் கடந்து போகிறது, பின்னால் கைகள் காத்திருக்கின்றன என்று ஒவ்வொன்றையும் வரிசைப்படி சொல்லிவிட்டுத்தான் 'ஆட்டமிழந்தார்' என்ற சொல்லுக்கு வர முடியும். அந்த இடைவெளியில் திண்ணையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும், சிறுவர்களுக்கு வானொலி அண்ணாவாக அறிமுகமான கூத்தபிரானும் இந்த இடைவெளியை நிரப்பும் தமிழைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியவர்கள். 'மட்டையாளர்', 'பந்துவீச்சாளர்', 'எல்லைக்கோடு' போன்ற சொற்களை நாங்கள் கற்றது பள்ளியில் அன்று, அந்தப் பெட்டியிடம்தான்.

சென்னையின் ஒலிபரப்பு வரலாறே கைவிடுவதற்கு எதிரான வரலாறு என்பதை உங்கள் அலுவலகக் கோப்புகள் என்னைவிட நன்றாகச் சொல்லும். 1924-இல் மதராஸ் மாகாண வானொலி மன்றம் தொடங்கியதும், பணமில்லாமல் 1927-இல் அது நின்றுபோனதும், 1930-இல் மாநகராட்சி அந்தப் பணியைக் கையிலெடுத்ததும், 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் மதராஸ் நிலையம் பிறந்ததும் ஒரே தொடர்ச்சி. 'கட்டுப்படியாகவில்லை' என்ற சொல் இந்நகரத்துக்குப் புதிதல்ல.

எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறதே, தொலைக்காட்சியிலும் தமிழ் வர்ணனை வருகிறதே என்று கேட்பீர்கள். தொலைக்காட்சி வர்ணனையாளர் படத்துக்குத் துணையாகப் பேசுகிறவர். படம் இல்லாமல் அவர் பேச்சுக்குப் பொருள் பாதிதான். கைபேசியில் நேரலை கேட்கத் தரவும் சமிக்ஞையும் தேவை, புயலன்று முதலில் போவதும் அவைதான். மத்திய அலையோ நிலத்தை ஒட்டிப் பரவுவது. சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 416 மீட்டர். குன்றும் கட்டடமும் அதற்குப் பெரிய தடையல்ல. பகலில் பல மாவட்டங்களைத் தொடும் அது, இருட்டிய பின் வானின் உயரத்தில் மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவில் விழும். பெட்டிக்குள் அலையைப் பிடிக்கும் ஆன்டெனாவான ஃபெரைட் தண்டு அலைவரும் திசைக்குக் குறுக்காக நிற்கும்வரை வானொலியை மெல்லத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு, இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்து வரும் கணம் தெரியும். இப்போது வீட்டுக்கு வீடு எரியும் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் அந்த இரைச்சலைக் கூட்டிவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவற்றையெல்லாம்விட அழுத்தமான காரணம் சட்டத்தில் இருக்கிறது. வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அலைக்கற்றையைப் பொதுச்சொத்து என்றது. 2007-ஆம் ஆண்டின் விளையாட்டு ஒலி-ஒளிபரப்புச் சமிக்ஞைப் பகிர்வுச் சட்டம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் நேரடிச் சமிக்ஞையை உரிமையாளர்கள் உங்களோடு பகிர வேண்டும் என்கிறது. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75, உங்களுக்கு 25 என்று வைத்த அதே சட்டம், வானொலிக்குச் சரிபாதி என்று வகுத்திருக்கிறது. தனியார் பண்பலைகளுக்கோ 2011-இன் கொள்கைப்படி உள்ளூர் ஆட்டங்களை வர்ணிக்க மட்டுமே இடமுண்டு. ஆக, ஒரு டெஸ்ட் ஆட்டத்தைத் தமிழில் வானொலியில் சொல்லும் வாய்ப்பு உங்களிடம் மட்டுமே இருக்கிறது. மற்றவர் செய்ய முடியாததை நீங்களும் செய்யாவிட்டால், அது யாரும் செய்யாத வேலையாகிவிடும்.

விளையாட்டுக்கென்றே ஒரு மத்திய அலை நிலையம் என்பது கற்பனையும் அல்ல. நியூயார்க்கில் 1987 ஜூலை 1-இல் 1050 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி அடுத்த ஆண்டு 660-க்கு மாறிய டபிள்யூஎஃப்ஏஎன், நாள் முழுவதும் விளையாட்டையே பேசி நிலைத்தது. அங்கே வருவாய் ஈட்டியவை ஆட்டங்கள் மட்டுமல்ல. ஆட்டமில்லாத நேரத்தில் தொலைபேசியில் வாதாடிய நேயர்களும்தான். நம் டீக்கடைகளில் அந்த வாதத்துக்கா பஞ்சம்!

கேட்பது இதுதான். தமிழகத்து மத்திய அலைவரிசை ஒன்றில் ஆட்ட நாட்களில் தமிழ் வர்ணனை முழுமையாக ஒலிக்கட்டும். சர்வதேசக் கிரிக்கெட்டோடு நின்றுவிடாமல் ரஞ்சிக் கோப்பைக்கும், கோவில்பட்டி ஹாக்கிக்கும், கிராமத்துக் கபடிக்கும் அதில் நேரம் ஒதுக்குங்கள். மூத்த வர்ணனையாளர்கள் இருக்கும்போதே இளையவர்களை அவர்கள் அருகில் அமர்த்திப் பழக்குங்கள். ஒரு ஓவரைப் படமின்றிச் சொல்லிக் காட்டுவதே தேர்வாகட்டும். நிலையக் காப்பறையில் பழைய வர்ணனை நாடாக்கள் இருந்தால், பூஞ்சை பிடிக்கும் முன் அவற்றை எண்மமாக்கிப் பொதுவில் வையுங்கள். ஒலிபரப்பியை நிறுத்தியே தீர வேண்டும் என்றால், நிறுத்தும் தேதியை ஓராண்டு முன்பே நேயர்களுக்கு வானொலியிலேயே, தமிழிலேயே அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மத்திய அலை நேயர் ஒருவர்