பாப்பாவுக்கு, கோப்பு விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. கொல்லைச் சுவர் விவகாரத்தை அண்ணன் சொல்லியிருப்பான், விட்டுவிடுகிறேன். தீபாவளிக்குப் பிறகு நீ அம்மாவோடு மட்டும் பேசுகிறாய், அதுவும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்ற அளவில். கேட்டால் வேலை என்கிறாய். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் தலைமையாசிரியரின் வேலைப்பளுவைச் சொல்லாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் அந்த இரண்டு பெண்களின் சமாச்சாரம் என் காதுக்கு எட்டிவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. துறையில் எனக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருத்தி மற்றவளுக்குக் காதலோடு எழுதியது ஆசிரியர் அறை முழுக்கச் சுற்றி வந்ததாம். இருவருக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று மூத்தவர்கள் யோசனை சொன்னார்களாம். நீ முடியாது என்று சொல்லி, நோட்டை வாங்கி அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டாயாம்.

செய்தது சரி. ஆனால் எழுதி வைத்தாயா? ஒரு துண்டுக் காகிதத்திலாவது? நாளைக்கே எவராவது முதன்மைக் கல்வி அலுவலருக்கு மொட்டைக் கடிதம் போட்டால், ‘தலைமையாசிரியர் ஒழுக்கக்கேட்டுக்குத் துணை போனார்’ என்று 17 பி குற்றச்சாட்டு மெமோ வரும். ஒன்றும் செய்யாதவனுக்கு நம் துறையில் எந்த மெமோவும் வராது, பதவி உயர்வுதான் வரும். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மாற்றுச் சான்றிதழுக்கு நீ சம்மதிக்காததில் எனக்குப் பெருமைதான். ஆண்டின் நடுவில் வாங்கிய சான்றிதழோடு வரும் பெண் பிள்ளையை அடுத்த பள்ளி எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதாமல் வெறும் கோடு இழுத்திருப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இடம் இல்லை என்று அர்த்தம். பிறகு அவள் பனியன் கம்பெனிக்குப் போவாள், இல்லையென்றால் மாலையும் கழுத்துமாக நிற்பாள்.

சரி, நோட்டைச் சுற்றவிட்ட ஆசிரியரை என்ன செய்தாய்? அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை அந்தரங்கமாக எழுதியதைத் தேநீர் இடைவேளையில் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தவர்கள்தான் இதில் தவறு செய்தவர்கள். அவர்களிடம் விளக்கம் கேள், எழுத்தில் கேள். கூட்டத்தில் பொதுவாகக் கண்டித்தேன் என்று சொல்லி நழுவாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இத்துடன் ஓர் அச்சுப் பிரதி வைத்திருக்கிறேன். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு. ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு. வீட்டார் ‘காணவில்லை’ என்று போலீஸில் புகார் கொடுத்திருந்தார்கள். இதைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்த பிறகுதான் தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியே பாடம் கேட்கப் போகலாம், உன் உதவித் தலைமையாசிரியர் போகக் கூடாதா? பள்ளி, கல்லூரிகளைப் பற்றிய பகுதியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். சட்டவிரோதம் என்று எவராவது ஆரம்பித்தால் 2018 செப்டம்பர் 6, உச்ச நீதிமன்றம், 377 என்று மட்டும் சொல், வாதம் செய்யாதே. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலுறவு குற்றமில்லை என்று அன்றே ஆகிவிட்டது. பிள்ளைகளின் ஈர்ப்பை மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பும் மருத்துவர் தொழில் நெறியை மீறியவராகிறார் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. பரிகாரம் சொல்கிறவர்களுக்குத்தான் ஆணையம் ஒன்றும் இல்லை. அத்தையிடம் திருமணஞ்சேரிப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது, பரவாயில்லை.

தாளில் எடுத்து வை என்று நான் அடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்த வேண்டும் என்று மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2021-ல் ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து இறங்கிவிட்டது. கோப்பில் இருப்பதை அவ்வளவு எளிதாக இறக்க முடியாது. நோட்டு விவகாரத்துக்கும் தேதி போட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கையெழுத்திடு. அதில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம். ‘ஒழுக்கம்’ என்ற தலைப்பில் கோப்பைத் திறக்காதே, ‘மாணவர் பாதுகாப்பு’ என்று திற. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று எழுது, கூச்சப்படாதே. 2022-ல் அரசே இந்தச் சொற்களுக்குப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது.

வருகைப் பதிவில் ஒன்பதாம் எண் வந்த பையன் ‘உள்ளேன்’ சொல்லும்போதெல்லாம் வகுப்பே சிரித்ததை நீ சொன்னது நினைவிருக்கிறது. எண்ணை விட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வைத்தாய். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் நான்கு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன், என் பெண் கெட்டிக்காரி என்று. அதோடு விடாதே. இடைவேளையில் போகாமல், மணி அடித்த பிறகு கழிப்பறைக்கு ஓடுகிற பையன் யார் என்று பார். தண்ணீர் பாட்டிலைக் குடிக்காமல் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகிறவன் யார் என்று பார். அந்த வராந்தாவில் இடைவேளை நேரத்தில் ஓர் ஆசிரியரை நிற்க வை, பெயர் போட்டுப் பணிப்பட்டியல் ஒட்டு. ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியை உன் அறை வாசலிலிருந்து எடுத்துவிடு. போடுகிற பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். மாணவர் உதவிக்கான 14417, குழந்தைகள் உதவிக்கான 1098 இரண்டு எண்களையும் கழிப்பறைச் சுவரில் உள்பக்கம் எழுதச் சொல். யுனெஸ்கோ தமிழ்நாட்டில் தன்பாலீர்ப்பினர், திருநர் போன்ற பால் சிறுபான்மை இளைஞர்களிடம் எடுத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டோம் என்றவர்கள் நூற்றுக்கு 60 பேர். துன்புறுத்தப்பட்டவர்களில் பள்ளியில் போய்ச் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். புகாரே வரவில்லை என்று எந்தத் தலைமையாசிரியராவது மார்தட்டினால் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது.

எனக்குக் கோபம் வந்தது ஒரே இடத்தில்தான். அந்தப் பெண்களின் வீட்டுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டாயாம். கேட்டதும் சுருக்கென்றது. பெற்றவனுக்குத் தெரியக் கூடாதா? வாட்ச்மேன் வரை தெரிந்த பிறகு கடைசி ஆளாகத் தெரிந்துகொள்ள அவன் என்ன பாவம் செய்தான்? இப்படி மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவிடமும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்தபடியே, “தெரிந்தால் அந்த மனுஷர் என்ன செய்வார்?” என்று கேட்டாள். என்ன செய்வார்? படிப்பை நிறுத்துவார். கை நீட்டுவார். யாராவது மாப்பிள்ளையைப் பிடிப்பார். அதனால் நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண் தானாகச் சொல்லும்வரை வேறு வாய் திறக்கக் கூடாது.

ஆனால் நீ பாதி வேலைதான் செய்திருக்கிறாய். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே இருக்கிறது, கோடு போட்ட இடத்தில் பார். யாரையும் சுட்டாமல் பொதுவாக ஒரு கூட்டம் போடு. பின்வரிசையில் வாயே திறக்காமல் ஓர் அப்பா உட்கார்ந்திருப்பார். அவர் முரடர் என்று நீயாக முடிவு கட்டிவிடாதே. அவருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கலாம். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருக்கலாம். கேட்டால் பெண் மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாளோ என்ற பயம் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களிடமும் பேசு. திட்டாமல் பேசு.

உன்னோடு தங்கியிருக்கும் டீச்சர் கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது. நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல். அம்மா அடுத்த தடவை இரண்டு கிலோ வேண்டும் என்கிறாள். விலை எவ்வளவு என்று கேட்டு எழுது, சும்மா வாங்கக் கூடாது. பொங்கலுக்கு அவருக்கும் சேர்த்து டிக்கெட் போடு. மாடி அறையை ஒழித்து வெள்ளை அடித்தாயிற்று. அத்தை இந்த வருஷம் மன்னார்குடியிலேயே பொங்கல் வைக்கிறாள், அதையும் பேசி முடித்துவிட்டேன்.

குறிப்பு எழுதியதும் ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பு. தேதி போட மறக்காதே. விளக்கம் கேட்கும் கடிதத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு முறை காட்டு. உன் எழுத்தில் ஒற்றுப் பிழை இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா