தோட்டத்து உரம் கடலுக்கு விருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் இரும்புத் தூளைத் தூவினால் பாசி பெருகும், பாசி பெருகினால் கரியமில வாயு குறையும் என்ற செய்தி பத்திரிகைகளிலும் புலனக் குழுக்களிலும் அவ்வப்போது சுற்றி வருகிறது. அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நம் செம்பனைத் தோட்டத்து உரம் மழையோடு லங்காட் ஆற்றில் கலந்து கடலுக்குப் போவதும் நல்லதுதானே" என்று எங்கள் பந்திங் வட்டாரத்தில் சிலர் கேட்கிறார்கள். நல்லதல்ல. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரும்புக் கதை வேறு கடலுக்கு உரியது. தென்பெருங்கடலிலும், பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் அதன் வடகோடியிலும் நைட்ரேட், பாஸ்பேட் மிச்சமாகக் கிடந்தும் பைட்டோபிளாங்டன் என்னும் நுண்பாசிகள் அதற்கேற்ப வளர்வதில்லை. அங்கே பற்றாக்குறை இரும்பில்தான் என்று அமெரிக்கக் கடலாய்வாளர் ஜான் மார்ட்டின் வாதிட்டார். 1993 ஜூனில் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் காலாபகோஸ் தீவுகளுக்குத் தெற்கே 64 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 445 கிலோ இரும்பைக் கலந்து பார்த்தார்கள். நீரின் பச்சையம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. கரியமில வாயு குறைந்ததோ சொற்பம். வளர்ந்த பாசியில் பெரும்பகுதியை மேல்நீரிலேயே மற்ற உயிர்கள் தின்று, மூச்சாகத் திருப்பி விட்டுவிடுகின்றன. ஆய்வுக்கு அல்லாமல் கடலுக்கு உரமிடக் கூடாது என்று, கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் உடன்படிக்கை நாடுகள் 2008-இல் தீர்மானமும் போட்டன.

லங்காட் ஆறு போய்ச் சேரும் மலாக்கா நீரிணைக்கு இரும்புப் பஞ்சம் இல்லை. ஆறுகள் கொண்டு வரும் சேற்றிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. ஆழமும் குறைவு. இங்கே நைட்ரஜனைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் காகிதத்தில் போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. சராசரி நுண்பாசியின் உடலில் கரி 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்ற அணு விகிதம் இருக்கும். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் பெயரால் வழங்கும் விகிதம் இது. இதன்படி 1 கிலோ நைட்ரஜன் 5.7 கிலோ கரியுள்ள பாசியை உண்டாக்கும். அந்தப் பாசி செத்து முழுமையாக மக்கும்போது சுமார் 20 கிலோ பிராணவாயுவை நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். 50 கிலோ அம்மோனியம் சல்பேட் மூட்டை ஒன்றில் நைட்ரஜன் 21 விழுக்காடு, அதாவது பத்தரைக் கிலோ. மூட்டை முழுதும் கடலுக்குப் போய்ப் பாசியானால், மக்குவதற்கு 200 கிலோவுக்கு மேல் பிராணவாயு வேண்டும். 30 பாகை வெப்பத்தில் நம் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.4 மில்லிகிராம்தான் தாங்கும். அப்படியென்றால் ஏறக்குறைய 32,000 கன மீட்டர் நீரிலுள்ள பிராணவாயு முழுதும் தேவை, அதாவது பதின்மூன்று ஒலிம்பிக் நீச்சல் குளங்கள். காற்றிலிருந்து கொஞ்சம் திரும்பக் கரையும், உண்மைதான். காற்றில்லாத நாளில், அடிமட்ட நீரில், அது போதாது.

உலகப் பிராணவாயு உற்பத்தியில் பாதி கடல் பாசியால்தான் என்பார்கள். சரி. ஆனால் உண்டாவதில் அநேகமாக எல்லாவற்றையும் கடலே தின்று தீர்க்கிறது. பகலில் கொடுக்கும் பாசி இரவில் எடுக்கிறது. கூண்டு மீன் வளர்ப்போர் மதியம் பிராணவாயுவை அளந்து லிட்டருக்கு 9 அல்லது 10 மில்லிகிராம் என்று மகிழ்வது ஆபத்து. அது பாசி மிதமிஞ்சிப் பெருகியதற்கான அடையாளம். விடியற்காலை 5 மணிக்கும் 6 மணிக்கும் நடுவே அளக்க வேண்டும். மீன் சாவது அந்த நேரத்தில்தான்.

இன்னொன்று, அளவைவிட விகிதம் முக்கியம். டயட்டம் என்ற கண்ணாடி ஓட்டுப் பாசிக்கு நைட்ரஜன் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு சிலிக்காவும் தேவை. இறால் குஞ்சும் கெராங் சிப்பியும் விரும்பித் தின்னும் தீனி அது. கலப்பு உர மூட்டையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் உண்டு, பாசி எடுத்துக்கொள்ளும் சிலிக்கா கிடையாது. அது பாறையும் மண்ணும் கரைந்து ஆற்றில் வருவது, அணைகளில் தேங்கியும் போகிறது. சிலிக்கா தீர்ந்த இடத்தில் டயட்டம் நிற்கும், சிலிக்கா வேண்டாத டைனோஃபிளாஜெல்லேட் என்னும் வேறு நுண்பாசி வகைகள் முந்தும். நஞ்சு தயாரிக்கும் அலெக்சாண்டிரியமும் பைரோடினியமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போடுவதும் தவறு: 1976-இல் சபாவில் பைரோடினியம் பெருகி உயிர்கள் போனதற்குத் தோட்டத்து உரம்தான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. தீபகற்பத்தில் 1991-இல் மலாக்காவின் செபாத்துவிலும், 2001-இல் கிளந்தானின் தும்பாட்டிலும், 2013-இல் பகாங்கின் குவாந்தானிலும் இத்தகைய பாசியின் நஞ்சேறிய சிப்பி தின்றவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 100 கிராம் சதைக்கு 80 மைக்ரோகிராம் என்பது அந்த நஞ்சுக்கான வரம்பு. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. புளி, மஞ்சள், எலுமிச்சை எதுவும் உதவாது. சிப்பி தின்றபின் உதடு மரத்துப்போனால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாற்று மருந்து இல்லை, மூச்சுக்குத் துணை கொடுத்தால் பிழைக்கலாம்.

இதையெல்லாம் கண்காணிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? "ஆறு சுத்தம்" என்று செய்தி வரும்போது அது நீர்த்தரக் குறியீட்டை வைத்துச் சொல்லப்படுவது. அந்தக் குறியீட்டில் ஆறு அளவைகள்: கரைந்த பிராணவாயு, பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் மக்கவைக்கத் தேவைப்படும் பிராணவாயு), சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படுவது), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பி.எச். (அமில, காரத் தன்மை). நைட்ரேட் இல்லை, பாஸ்பேட் இல்லை, சிலிக்கா இல்லை. குறியீடு நல்ல எண் காட்டும் ஆற்றிலிருந்தும் பாசிக்கு வயிறு நிறையச் சாப்பாடு போகலாம். மேலும் கழிமுகத்தில் சேறு வெளிச்சத்தை மறைப்பதால் சத்து அங்கே தின்னப்படாமல் கடந்துவிடும். சேறு படிந்து நீர் தெளியும் இடத்தில், கரையிலிருந்து தள்ளி, சில நாள் கழித்துத்தான் பாசி பெருகும். கழிமுகத்தில் மட்டும் அளந்தால் அது கண்ணில் படாது.

பள்ளி அறிவியல் கழகங்களும் தன்னார்வக் குழுக்களும் நீர் எடுக்க முன்வருகின்றன. வரவேற்கிறோம், ஆனால் முறையாகச் செய்யுங்கள். புட்டிகளை 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பாத்திரச் சோப்பு வேண்டாம், அதில் பாஸ்பேட் இருக்கலாம். சிலிக்காவுக்குக் கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது, கண்ணாடியே கரைந்து அளவைக் கூட்டிவிடும். 0.45 மைக்ரான் வடிதாளில் உடனே வடிகட்டுங்கள். வடிகட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் வழியிலேயே பாசி சத்தைத் தின்றுவிடும். நைட்ரேட், பாஸ்பேட் மாதிரியை உறையவைக்கலாம், புட்டியில் மேலே கொஞ்சம் இடம் விட்டு. சிலிக்கா மாதிரியை உறையவைத்தால் சிலிக்கா ஒன்றோடொன்று பிணைந்து எண் குறைந்து காட்டும். 4 பாகைக் குளிரில் இருட்டில் வையுங்கள். அம்மோனியா அளக்க நீர் எடுக்கும்போது படகில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், அந்தப் புகையும் மாதிரியைக் கெடுக்கும். பாசியை எண்ண வேண்டுமென்றால் பாசி கெடாமல் காக்க 100 மில்லி நீருக்கு 1 மில்லி லூகால் அயோடின் கரைசல் விடுங்கள், வெளிர் தேநீர் நிறம் வரும்வரை. 20 மைக்ரான் வலையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மைக்ரான் அளவிலான சைனெகோகாக்கஸ் என்னும் நுண்பாசி அதில் தங்கவே தங்காது.

எப்போதும் உப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் எடுத்த மாதிரி கடலைச் சொல்லும், இறக்கத்தில் எடுத்தது ஆற்றைச் சொல்லும். ஆற்றிலிருந்து கடல்வரை பல இடங்களில் எடுத்து, உப்பு ஒரு பக்கம், நைட்ரேட் மறுபக்கம் என்று வரைபடம் போடுங்கள். நேர்கோடு வந்தால் வெறும் கலப்பு. நடுவில் கோடு தொய்ந்தால் பாசியோ சேற்று நுண்ணுயிரோ நைட்ரேட்டைக் குறைத்துவிட்டது. மேலே புடைத்தால் வழியில் வேறொரு வாய்க்கால் கொட்டக்கூடும், தேடிப் பாருங்கள்.

கேரித் தீவு, மோரிப் பக்கத் தோட்டங்களில் தண்ணீர் வடியப் பாரிட் என்னும் வடிகால் வெட்டி, அலைக்கதவு வைத்துக் கடலுக்கு விடுகிறார்கள். ஏக்கருக்கு 55 முதல் 60 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 3, 4 கிலோ அம்மோனியம் சல்பேட் என்றால் வழிந்தோடும் சிறு பங்கும் கடைசியில் பெரிய தொகைதான். அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்பு உரச் சுற்றை முடிக்க அவசரப்பட்டு ஒரே தடவையில் கொட்டுவது வீண். பிரித்துப் போடுங்கள், கனமழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள். வெட்டிய மட்டையைப் பாரிட்டுக்கு இணையாக அடுக்குங்கள், பாரிட் ஓரம் புல்லைச் சுரண்டாதீர்கள். செம்பனை ஆலைக் கழிவுக் குளமும் அப்படித்தான்: லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் வரும் பி.ஓ.டி.யை 100-க்குக் கீழே இறக்கித்தான் வெளியே விட வேண்டும். பி.ஓ.டி. இறங்கினாலும் அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் மறைந்துவிடுவதில்லை.

அதிகாரிகளிடமும் ஆய்வகங்களிடமும் கேட்பது இவ்வளவுதான். எண்களை வெளியிடும்போது அலகையும் எழுதுங்கள். நைட்ரேட் என்று முழு மூலக்கூற்றைக் கணக்கிட்டால் வரும் எண், நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் வருவதைவிட 4.43 மடங்கு, பாஸ்பேட்டில் 3.06 மடங்கு. ஓர் அறிக்கை ஒரு முறையிலும் அடுத்தது மறுமுறையிலும் வந்தால், ஒரே ஆண்டில் ஆற்றுநீர் நான்கு மடங்கு கெட்டது போலவோ சுத்தமானது போலவோ தோன்றும். எடை அளவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் 7.2-க்கு 1 என்பதே பாசியின் தேவை. அதோடு ஒப்பிட சிலிக்காவின் எண்ணும், மாதிரி எடுத்த அலை நேரமும் உப்பளவும் சேர்ந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
மண், நீர்ப் பரிசோதனைப் பணியிலுள்ள வாசகர்கள் சிலர்,
பந்திங், சிலாங்கூர்