லிங்கர் பிழையை மறைக்க வழி சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் ஒரு வகை கோர்பூட். அதை நாமே கம்பைல் செய்வது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பிழை காட்டினால், அதைக் கண்டுகொள்ளாமல் விடும் ஆப்ஷனைச் சேர்த்து, சிப்பில் எழுதவேண்டிய இமேஜை எடுத்துவிடலாம் என்று அதில் சொல்லியிருப்பது ஆபத்தான யோசனை.

அப்படிச் செய்தால், கிடைக்காத ஃபங்ஷனின் முகவரியை லிங்கர் பூஜ்யமாக வைத்துவிடும். சாதாரண புரோகிராமாக இருந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் பிடித்து நிறுத்தும். ஃபர்ம்வேருக்கு அடியில் அப்படி எதுவும் கிடையாது. திரை கறுப்பாகவே நிற்கும். அப்புறம் மூடியைக் கழற்றி, எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி, பழைய இமேஜை வெளியிலிருந்துதான் எழுத வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தருபவன் நான். அவர்கள் அதிகம் திணறுவது 'அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்' பிழையில்தான், அதாவது கூப்பிட்ட ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்ற பிழையில். "ஃபங்ஷன் இதோ இருக்கிறதே சார்!" என்று ஃபைலைத் திறந்து காட்டுவார்கள். இருக்கும்தான். ஆனால் கோர்பூட்டில் பூட்பிளாக், ரோம்ஸ்டேஜ், ராம்ஸ்டேஜ் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் கட்டங்கள் எல்லாம் தனித்தனியாக லிங்க் ஆகின்றன. எந்த ஃபைல் எந்தக் கட்டத்தில் சேரும் என்று சொல்லும் மேக்ஃபைலில், ராம்ஸ்டேஜுக்கு மட்டும் சேர்த்த ஃபைலை ரோம்ஸ்டேஜ் கூப்பிட்டால் லிங்கர் மறுக்கத்தான் செய்யும். உடனே அங்கேயும் ஒரு வரி சேர்த்துவிடக் கூடாது. இன்டெல், ஏஎம்டி பிராசஸர் உள்ள எக்ஸ்86 மெஷின்களில் ரோம்ஸ்டேஜ் தொடங்கும்போது மெயின் மெமரியே தயாராகியிருக்காது. பிராசஸருக்குள் இருக்கும் சிறு மெமரியான கேஷைத்தான் ரேமாக வைத்து ஓடுகிறது. அந்த ஃபங்ஷன் அங்கே ஓடக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில லிங்கர் பிழைகள், போகக் கூடாத வழியில் கோட் போனால் பில்ட் நிற்கட்டும் என்று எழுதியவர்களே வைத்த தடுப்புகள். அவற்றையும் மறைத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

'ஸ்டாக் செக் ஃபெயில்' என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று வந்தால் காரணம் பெரும்பாலும் கம்பைலர்தான். சில லினக்ஸ் வகைகளில் வரும் ஜிசிசி கம்பைலர், ஸ்டாக் மெமரி வரம்பு மீறப்பட்டதா என்று பார்க்கும் பாதுகாப்பைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. அதற்கான ஃபங்ஷன் சி லைப்ரரியில் இருக்கிறது. ஃபர்ம்வேரில் அந்த லைப்ரரி இல்லை. கோர்பூட் தன் கம்பைலரைத் தானே கட்டிக்கொள்ளச் சொல்வது இதுபோன்ற தொல்லைகளைத் தவிர்க்கத்தான். இன்னொரு ஃபர்ம்வேரான யூ-பூட்டின் பழைய பதிப்புகளில் 'மல்டிபிள் டெஃபனிஷன்' பிழை வருவது வேறு கதை. 2020இல் வந்த ஜிசிசி 10, ஒரே குளோபல் வேரியபிளை இரண்டு ஃபைல்களில் வரையறுப்பதை ஏற்பதில்லை. ஒன்றை 'எக்ஸ்டர்ன்' (வேரியபிள் வேறு ஃபைலில் இருக்கிறது என்ற அறிவிப்பு) ஆக்கினால் சரியாகிவிடும்.

பில்ட் செய்யும்போது பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் உண்மையான பிழை மேலே எங்கோ புதைந்துவிடுகிறது. பில்டை நடத்தும் 'மேக்' கட்டளையை ஒற்றை வேலையாக ஓடவிட்டு, முதலில் வரும் பிழையைப் படிக்கச் சொல்லுங்கள்.

கட்டுரையைப் பார்த்து யாராவது தங்கள் மெஷினில் எழுதுவதற்கு முன், அந்தப் பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஃபர்ம்வேர் பயிற்றுநர் ஒருவர்