பேரவையில் என்ன கேட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டிநாட்டு ஊருணிகளுக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் பல இடங்களில் தூர்ந்து கிடக்கின்றன. எங்கள் ஊர்களோ சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடப்பவை. மனு கொடுத்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். அப்படியானால் பேச வேண்டிய இடம் சட்டப்பேரவைதான். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார்; துணைக் கேள்வியும் கேட்கலாம். அவசரப் பிரச்சினையை அமைச்சரின் பார்வைக்குக் கொண்டுவரும் கவன ஈர்ப்பு இருக்கிறது, மக்கள் தரும் மனுக்களை ஆராயும் மனுக்கள் குழுவும் இருக்கிறது. (இந்தக் குழுவைப் பற்றி வாக்குக் கேட்டு வந்த எவரும் எங்களிடம் சொன்னதில்லை.)

வேறிடத்தில் எப்படி என்பதற்கு ஸ்காட்லாந்தைப் பாருங்கள். 1999இல் தொடங்கிய அதன் நாடாளுமன்றத்தில் 129 உறுப்பினர்கள். ஒரே ஒருவர் கையெழுத்திட்ட மனுவையும் அங்கே ஏற்கிறார்கள். அன்றைய அலுவல் முடிந்த பிறகு ஓர் உறுப்பினர் தன் தொகுதிப் பிரச்சினையை விவாதத்துக்கு எடுக்கலாம். வாக்கெடுப்பு கிடையாது, ஆனால் அமைச்சர் பதிலளிக்க வேண்டும். எழுத்துக் கேள்விக்கு வழக்கமாகப் பத்து வேலைநாள்களில் பதில் வந்துவிடுகிறது.

அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும், தொகுதிக்காகக் கேட்ட கேள்விகளையும் கிடைத்த பதில்களையும் நம் உறுப்பினர்கள் தங்கள் அலுவலக வாசலில் ஒட்டிவைக்கட்டும். பிறந்தநாள் வாழ்த்துச் சுவரொட்டிகளுக்கு நடுவே அதற்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

ஒரு வாசகர்,
காரைக்குடி