பெரியப்பாவுக்கு, முதல் வரிசையிலிருந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயிறு மாலை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், பெரியம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? போன வாரம் போனில் நான் சொன்னதில் பாதிகூட உங்களுக்குக் கேட்கவில்லை என்று அண்ணன் அப்புறம் சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீங்களே படியுங்கள். அண்ணனைப் படிக்கச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவான்.

வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வார்டில் பகல் டூட்டி, ராத்திரி டூட்டி என்று மாறி மாறி வரும். குளிர் பழகிவிட்டது. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் கிடையாது, இங்கே கடைத்தெருவில் முருங்கைக்காய் முதல் கருவாடு வரை கிடைக்கிறது. இதைப் பெரியம்மாவிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆனால் நீங்கள் போனில் கேட்டது இதையெல்லாம் இல்லை. "அங்கே நாடகம் போடுறாங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அதற்குத்தான் இத்தனை பக்கம்.

போடுகிறார்கள் பெரியப்பா. நம்மூர் மாதிரி திருவிழாவுக்குத் திருவிழா இல்லை, வருஷம் முழுக்கப் போடுகிறார்கள். வெஸ்ட் எண்ட் என்று ஒரு பகுதி. ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறி எம்பேங்க்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வந்துவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாற்பது தியேட்டர் போல இருக்கின்றன. தியேட்டர் என்றதும் சினிமாக் கொட்டகை என்று நினைக்க வேண்டாம், இங்கே அந்தச் சொல் முதலில் நாடகத்துக்குத்தான். பெரும்பாலும் வாரத்துக்கு எட்டு ஆட்டம். ஆறு ராத்திரி, இரண்டு மதியம். ஜனம் வருகிறவரைக்கும் அதே நாடகம் ஓடிக்கொண்டே இருக்கும். தி மவுஸ்டிராப் என்று ஒரு கொலைக்கதை 1952இல் தொடங்கியது, நீங்கள் பிறந்த வருஷம். இன்னும் ஓடுகிறது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் அடுத்த வருஷம் மே மாதம் மறுபடியும் திரையைத் தூக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, கொலை செய்தது யார் என்று வெளியே போய்ச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அதனால் உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

நான் இங்கே பார்த்த முதல் நாடகம், வந்த வருஷமே, 2022 டிசம்பரில். கூட வேலை செய்யும் ஒருவர் தன் டிக்கெட்டை எனக்குக் கொடுத்தார். லைஃப் ஆஃப் பை. நம்ம பாண்டிச்சேரியில் தொடங்குகிற கதை. மிருகக்காட்சிசாலை வைத்திருந்தவரின் பையன், கப்பல் மூழ்கிப்போய் ஒரு புலியோடு படகில் மாட்டிக்கொள்கிறான். அந்தப் புலியை மேடையில் எப்படிக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? பொம்மை. தலைக்கு ஒரு ஆள், நடு உடம்புக்கு ஒரு ஆள், பின்னங்காலுக்கு ஒரு ஆள். மூன்று பேரும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறார்கள், ஒளிந்துகொள்ளவே இல்லை. ஆனால் மூன்று பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். புலியின் விலா ஏறி இறங்கியது. அதோடு அந்த ஆட்கள் என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள், புலி மட்டும்தான் இருந்தது. அந்தப் புலியை முறை வைத்து ஆட்டிய ஏழு பேருக்கும் சேர்த்து 2022இல் சிறந்த துணை நடிகர் விருது கொடுத்தார்கள், இங்கே நாடகத்துக்குக் கொடுக்கிற பெரிய விருதான ஆலிவியர் விருது. லண்டனில் பையன் வேஷத்தை முதலில் போட்டவர் இலங்கையில் பிறந்த ஹிரன் அபேசேகர. அந்த வருஷச் சிறந்த நடிகர் விருது அவருக்கு. அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது எனக்குத் தூக்கமே வரவில்லை. அதிலிருந்து மாதத்துக்கு ஒரு நாடகமாவது பார்த்துவிடுகிறேன்.

பணத்தை விரயம் பண்ணுகிறேன் என்று அண்ணன் சொல்வான். நல்ல சீட்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல்கூடக் கேட்கிறார்கள், அது உண்மைதான். நான் அந்த சீட்டுக்குப் போவதில்லை. உச்சி மாடியில் கூரைக்குக் கீழே உள்ள வரிசைகள் மலிவு. அந்த இடத்துக்கு இவர்கள் வைத்திருக்கிற பட்டப்பெயர், தெய்வங்கள் இருக்கும் இடம். இல்லையென்றால் தூண் மறைக்கிற சீட். அதுவும் இல்லையென்றால் சில தியேட்டர்களில் அன்றன்றைக்கு விற்கிற முதல் வரிசை. மேடை உயரமாக இருப்பதால் அங்கிருந்து பார்த்தால் நடிகர்களின் பாதம் தெரியாது, அதனால் விலை குறைவு. எனக்கு அந்த வரிசைதான் உயிர். ஏன் என்று சொல்கிறேன்.

தி பேன்டம் ஆஃப் தி ஓப்ரா என்று ஒரு இசைநாடகம், 1986 அக்டோபரில் தொடங்கியது. அன்றைக்கு ஆடிய அதே தியேட்டரில் இன்றைக்கும் ஓடுகிறது. முகமூடி போட்ட ஒரு சங்கீதக்காரன் நாடகக் கொட்டகைக்கு அடியில் ஒளிந்து வாழ்ந்துகொண்டு, கோரஸில் நிற்கும் ஒரு பெண்ணுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறான். அதுதான் கதை. முதல் பாதி முடிவில் தலைக்கு மேலே தொங்குகிற பெரிய சரவிளக்கு அறுந்து விழுகிற மாதிரி நம்மை நோக்கி இறங்கும், வயிறு கலங்கிப்போகும். இசை ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். நம்ம ஏ.ஆர். ரஹ்மானை அழைத்துவந்து 2002இல் பாம்பே ட்ரீம்ஸ் என்ற இசைநாடகத்தை இங்கே மேடையேற்றியவரும் இவர்தான்.

போன மாதம் பேன்டம் நாடகத்துக்கு முதல் வரிசை கிடைத்தது. வாசலில் ஒரு பலகை, அதில் அன்றைக்கு யார் யார் நடிக்கிறார்கள் என்ற விவரம். கதாநாயகி வேஷத்துக்கு வழக்கமாக வருகிறவர் அன்றைக்கு இல்லை, வேறு ஒரு பெண் நடிப்பார் என்று போட்டிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற இருவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ நம்மூர் ஞாபகம்தான் வந்தது.

இங்கே இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள் பெரியப்பா. கோரஸில் நின்றுகொண்டே பெரிய வேஷத்தையும் மனப்பாடம் பண்ணி வைத்திருப்பவர்கள் ஒரு வகை. இன்னொரு வகைக்கு ஸ்விங் என்று பெயர். அவர்களுக்கென்று தனி வேஷம் கிடையாது. ஏழெட்டுப் பேருடைய பாட்டு, ஆட்டம், எந்த அடியில் எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை தெரிந்துவைத்துக்கொண்டு, தினமும் வந்து காத்திருக்க வேண்டும். யாருக்காவது தொண்டை கட்டினால் அரை மணி நேரத்தில் கூப்பிட்டாலும் வேஷம் போட்டு இறங்கிவிடுவார்கள். இதைப் படித்ததும் எனக்கு நம்ம ஸ்பெஷல் நாடகக்காரர்கள்தான் கண்முன் வந்தார்கள். ராஜபார்ட் மதுரையிலிருந்து, ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, பபூன் காரைக்குடியிலிருந்து என்று ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. முகம்கூட அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஏறி விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திவிட்டுப் போவார்கள். இங்கே இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, அன்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். என் சீட்டுக்கு நேர் முன்னால், மேடைக்குக் கீழே ஒரு பள்ளம். அதில்தான் வாத்தியக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர், கையில் குச்சி வைத்துக்கொண்டு நடத்துகிறவர், எனக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றார். யதேச்சையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாடி வரிசையின் முகப்பில் சின்ன டிவி ஒன்று மேடையைப் பார்த்து மாட்டியிருந்தது. அதில் அந்தத் தலைவரின் முகமும் கையும். நடிகர்கள் பள்ளத்தைக் குனிந்து பார்க்காமல், ஜனங்களைப் பார்த்துப் பாடுகிற மாதிரியே அவருடைய தாளத்தைப் பார்த்துக்கொள்ள அந்த ஏற்பாடு.

அந்தப் பெண் மேடைக்கு வந்தாள். முதல் பாட்டில் குரல் கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது. அவள் மூச்சு எடுக்கிற இடத்தில் தலைவரின் இடது கை அப்படியே காற்றில் நின்றது, அத்தனை வாத்தியமும் அவளுக்காகக் காத்திருந்தது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அப்புறம் கவனித்தேன், அவர் வாயும் அசைகிறது. சத்தமில்லாமல், அவளோடு சேர்ந்து, ஒவ்வொரு வரியாக. அவள் கண் எனக்குப் பின்னால் இருந்த டிவியிலேயே இருந்தது. உச்சத்துக்குப் போகிற இடத்தில் அவர் முகத்தைத் தூக்கிக் கண்ணை அகல விரித்தார், அவள் ஏறிப் பிடித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது பெரியப்பா.

ஏனென்றால் பழைய ராத்திரி ஒன்று ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நம்ம ஊர் வைகாசித் திருவிழா. வள்ளி வேஷத்துக்கு வர வேண்டியவர் வரமுடியாமல் போய், புதிதாக ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம். வேலன் பாடி முடித்துவிட்டான், இவளுக்கு அடுத்த அடி வரவில்லை. நான் மேடை ஓரத்தில் உங்கள் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் துருத்தி அசைப்பதை நிறுத்தவே இல்லை. அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை ரீடு மேல் கவிழ்த்து, முதல் சொல்லை மட்டும் கொடுத்தீர்கள். அவளுக்கும் எனக்கும்தான் கேட்டிருக்கும். அவள் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் டீக்கடையில் எல்லோரும் அவளைப் புகழ்ந்து பேசினார்கள், நீங்கள் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தீர்கள். இங்கே ஆட்டம் முடிந்ததும் நடிகர்கள் வரிசையாக நின்று கும்பிடு போடும்போது கையைக் கீழே நீட்டி அந்தப் பள்ளத்தைக் காட்டுகிறார்கள். ஜனங்கள் அதற்கும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். நான் தட்டியது இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஒரு வருத்தமான விஷயமும் உண்டு, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அந்தப் பள்ளத்தில் முன்பு 27 பேர் வாசித்தார்கள். கொரோனாவுக்கு அப்புறம் 2021இல் திறந்தபோது அதை 14 ஆக்கிவிட்டார்கள். வாத்தியக்காரர் சங்கம் எதிர்த்துப் பார்த்தது, நடக்கவில்லை. நம்ம பக்கம் கீபோர்டு வந்தபோது நீங்கள் ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. இதைச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கே ஜனங்கள் சத்தமே போடுவதில்லை. நடுவில் மைக்கில் அன்பளிப்பு வாசிப்பது, பபூனோடு மல்லுக்கு நிற்பது, பிள்ளையைத் தூங்கப் போடுவது எதுவும் கிடையாது. எனக்கு அது ரொம்ப நாள் ஒட்டவில்லை. தேம்ஸ் ஆற்றங்கரையில் குளோப் என்ற கொட்டகைக்குப் போனபிறகுதான் மனசு ஆறியது. ஷேக்ஸ்பியர் நாடகம் ஆடிய பழைய குளோப் 1599இல் கட்டியது. 1613இல் நாடகத்தின் நடுவே பீரங்கி வெடித்ததில் பொறி பறந்து கூரையில் பற்றி எரிந்துபோனது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஒருவனுடைய கால்சட்டையில் தீப்பிடித்து, பக்கத்தில் இருந்தவர் பீரை ஊற்றி அணைத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் அதே மாதிரி மறுபடியும் கட்டி 1997இல் திறந்தார்கள். கூரை வேய்ந்திருக்கிறார்கள் பெரியப்பா, நாணல் கூரை! 1666இல் லண்டன் எரிந்த பிறகு இந்த ஊரில் கட்ட விட்ட முதல் கூரைக் கொட்டகை இதுதானாம். மேலே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. பந்தலில் பெட்ரோமாக்ஸ் தொங்கினால் நீங்கள் பக்கத்தில் ஒரு வாளி மணல் வைக்கச் சொல்வீர்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

அங்கே நடுமுற்றத்தில் எழுநூறு பேர் வரை நின்றுகொண்டே பார்க்கலாம். டிக்கெட் மலிவு. மேலே வானம்தான். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது, குடை விரிக்க விடமாட்டார்கள், ஒருவரும் நகரவில்லை. நடிகர் ஒருவர் வசனத்தை நிறுத்தி, முன்னால் நனைந்துகொண்டு நின்ற ஒரு பாட்டியைப் பார்த்து ஏதோ சொன்னார். பாட்டி பதில் சொன்னார். முற்றமே சிரித்தது. இரண்டரை மணி நேரம் நின்றதில் கால் கடுத்துப்போனது, ஆனாலும் அன்றைக்குத்தான் இந்த ஊரில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் முதன்முதலாகப் பேச வந்தது.

பெட்டியை அண்ணன் பரணில் ஏற்றிவிட்டதாகச் சொன்னான். இறக்கச் சொல்லுங்கள். காது கேட்காவிட்டால் என்ன, விரலுக்குத் தெரியும் என்று நீங்களே சொல்வீர்கள். துருத்தி தோல் காய்ந்துபோயிருந்தால் காரைக்குடியில் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள், பணம் நான் அனுப்புகிறேன்.

வைகாசிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். திருவிழாவுக்கு வந்துவிடுவேன். நாடகத்தன்று சாயங்காலமே யாரையாவது அனுப்பி எனக்கு ஒரு பாய் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நடுவில் வேண்டாம். ஆர்மோனியம் பக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
பாப்பா